அளவுக் காலில் ஒரு மரு

முப்பத்தேழு என்பது அவளுடைய வயது என்று புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பிறகு முகத்தைப் பார்ப்பார்கள், கணக்கு உதைக்கும். அது வயதல்ல, கால் அளவு. அந்தச் செருப்புத் தொழிற்சாலையில் வாசல் காவலாளியிலிருந்து மேனேஜர் வரைக்கும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சின்னப் பெண்கள் கொஞ்சம் மரியாதை சேர்த்து முப்பத்தேழு அக்கா என்பார்கள்.

பெண்களுக்கான செருப்பு எதுவானாலும் முதலில் முப்பத்தேழாம் அளவில் ஒரு ஜோடி செய்து பார்ப்பார்கள். அதைப் போட்டு நடந்து, எங்கே கடிக்கிறது, எங்கே வழுக்குகிறது என்று சொல்ல உயிருள்ள கால் ஒன்று வேண்டும். அந்தக் கால் அவளுடையது. அதற்கு முன்பு அந்த வேலையில் இருந்தவள் கல்யாணமாகிப் போனதும், எல்லாப் பெண்களையும் வரிசையில் நிற்க வைத்துக் கால் அளந்தார்கள். இவள் அப்போது பசை தடவும் பிரிவில் இருந்தாள். செருப்புக்கு அளவு வெட்டிக்கொடுக்கும் பேட்டர்ன் மாஸ்டர் ஒரு கையில் இவள் பாதத்தையும் இன்னொரு கையில் பிளாஸ்டிக் கால் அச்சையும் பிடித்து மாறி மாறிப் பார்த்தார். "இந்தக் காலைப் பாத்துத்தான் அச்சையே ஊத்தியிருப்பாங்க போலிருக்கே" என்றார். மறுநாள் அவள் சாம்பிள் அறைக்கு மாறிவிட்டாள்.

வேலை என்று பார்த்தால் நடப்பதுதான். அறையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி, பிறகு படிக்கட்டில் ஏறி இறங்க வேண்டும், பிறகு ஓரிடத்தில் சும்மா நிற்க வேண்டும். நின்றதும் மாஸ்டர் முட்டி போட்டு உட்கார்ந்து, சாக்பீஸோடு அவளை அண்ணாந்து பார்ப்பார்.

"சொல்லுங்கம்மா, எங்க?"

அவள் சொல்லுவாள். சொல்வதில் அவள் கில்லாடி. கடிக்கிறது வேறு, உரசுகிறது வேறு, முட்டுகிறது வேறு, பிடிக்கிறது வேறு. சுண்டுவிரலில் முட்டுகிறது என்றால் நுனியிலா, பக்கத்திலா, நடக்கும்போதா, நிற்கும்போதா என்று பிரித்துச் சொல்லுவாள். சொன்ன இடத்தில் மாஸ்டர் கோடு போடுவார். அடுத்த ஜோடி வரும்போது அந்த இடத்தில் வலி இருக்காது. டிசைனர்கள் வந்தார்கள், போனார்கள். கால் அளக்கும் மெஷின்கூட ஒன்று வந்து மூலையில் தூசி படிந்து கிடந்தது. மாஸ்டருக்கு அவள் கால் சொன்னால் சொன்னதுதான்.

அந்த வேலை அவளுக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் போதாது. எங்கே வலிக்கிறது என்று ஒரு மனிதர் மண்டியிட்டுக் கேட்டு, பதில் வரும்வரை காத்திருந்து, வலியை எடுத்துவிடுகிற இடம் அவளுக்கு உலகத்தில் அது ஒன்றுதான்.

ஏனென்றால் வேலை முடிந்து அவள் போவது ஒரு மாடி அறைக்கு. அந்த மாடியில் நான்கு அறைகள், நான்கிலும் தனியாட்கள், எல்லோருக்கும் சேர்த்து ஒரே குளியலறை. யாரும் யாரோடும் சண்டை போட்டதில்லை. சண்டை போடவாவது பேச வேண்டுமே. ஆளுக்கொரு வாளி குளியலறை வாசலில் வரிசையாக இருக்கும். வாளி இடத்தில் இல்லையென்றால் அந்த ஆள் உள்ளே இருக்கிறார் என்று அர்த்தம். அவளைப் பொறுத்தவரை அண்டை அயலார் என்பது பச்சை வாளி, நீல வாளி, விளிம்பு உடைந்த வாளி.

அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. புருஷன் வேலை தேடி வெளியூர் போனார். வேலை கிடைத்தது, கூடவே இன்னொரு குடும்பமும் கிடைத்தது. அதற்கு மேல் அவள் அதைப் பேச மாட்டாள், நாமும் தோண்ட வேண்டாம். தூரத்தில் ஒரு தங்கை இருந்தாள். வாரம் தவறாமல் போன் வரும். "எப்படிக்கா இருக்க?" என்று கேட்டுவிட்டு, மூச்சு விடாமல் தன் இடுப்பு, தன் மாமியார், தன் பிள்ளையின் பரீட்சை என்று ஒரு சுற்று வந்து, "சரிக்கா, அடுப்புல பால் வெச்சிருக்கேன்" என்று வைத்துவிடுவாள். தங்கை கெட்டவள் இல்லை. அவளுக்கு அக்கா என்றால் உம் கொட்டுகிற ஒரு காது, அவ்வளவுதான்.

அந்த மரு வந்தது இப்படி. வலது பாதத்தில், இரண்டாவது விரலுக்குக் கீழே, நடக்கும்போது எடை முழுக்க விழுகிற மேட்டில், ஒரு மணல் துகள் மாட்டியது போல இருந்தது. செருப்பைக் கழற்றித் தட்டினாள். ஒன்றும் விழவில்லை. மறுபடி போட்டால் மறுபடி குத்தியது.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் காலைத் திருப்பிப் பார்த்திருப்பார்கள். ஆனால் செருப்புத் தொழிலில் ஊறியவர்களுக்கு உலகத்தில் கால் வியாதி ஒன்றே ஒன்றுதான்: செருப்பு சரியில்லை. வேலையிலோ அவள் நாளெல்லாம் புதுச் செருப்பில் இருக்கிறாள். அன்றைக்குப் போட்டிருந்தது கோடைக்காலத்துக்கான ஒரு பெல்ட் செருப்பு.

"இங்க குத்துது மாஸ்டர். ரெண்டாவது விரலுக்கு நேர் கீழ."

"நடக்கும்போதா, நிக்கும்போதா?"

"ரெண்டுலயும். நடக்கும்போது ஜாஸ்தி."

மாஸ்டர் உள் அட்டையைப் பிரித்து, அந்த இடத்தில் கத்தியால் லேசாகச் சுரண்டினார். அடுத்த ஜோடியிலும் குத்தியது. இன்னும் கொஞ்சம் சுரண்டி, மேலே மெத்தென்று ஃபோம் வைத்தார். மூன்றாவது ஜோடியில் அவள் முகம் தெளிந்தது. "இப்பத்தான் மாஸ்டர் கால் மூச்சு விடுது" என்றாள். மாஸ்டருக்குப் பெருமை பிடிபடவில்லை. இத்தனை வருஷம் அந்த இடத்தில் யாரும் குழி வைக்க யோசிக்கவில்லை என்றும், இதுதான் இனி நம் கம்பெனியின் தனிச்சிறப்பு என்றும் டிசைனரிடம் அளந்துவிட்டார். அடுத்து வந்த மாடல்களிலும் அதே குழி. அவள் சொல்ல, அவர் தோண்ட, குழி ஆழமாகிக்கொண்டே போனது.

வீட்டில் ஒரு நாள் குளித்துவிட்டுக் காலைத் துடைக்கும்போது விரலில் கட்டியாகத் தட்டுப்பட்டது. கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்த்தாள். மஞ்சளாக, சொரசொரவென்று, பட்டாணிப் பருப்பு அளவுக்கு ஒன்று. கால் ஆணி என்று தானே முடிவு கட்டிவிட்டாள். செருப்பு கடித்தால் ஆணி வரும், ஆணி வந்தால் பிளேடால் சீவ வேண்டும், இதற்குப் போய் டாக்டரா? சீவினாள். ரத்தம் வந்தது. ஆறி, முன்னைவிடத் தடியாக வந்தது. பக்கத்தில் கடுகு மாதிரி இன்னொன்றும் முளைத்தது. பேக்கிங் பிரிவில் ஒருத்தி குதிரை முடியை இறுக்கிக் கட்டினால் தானே விழுந்துவிடும் என்றாள். பாதத்துக்குள் புதைந்து கிடப்பதை எதைச் சுற்றிக் கட்டுவது, அதற்குக் குதிரைக்குத்தான் எங்கே போவது? தங்கையிடம் சொல்லிப் பார்த்தாள். "ஆணியா? அதெல்லாம் ஒரு வலியாக்கா? என் இடுப்பு வலிய ஒரு நாள் நீ அனுபவிச்சுப் பாரு" என்று போட்டி போட்டாள் தங்கை. அவள் விட்டுக்கொடுத்துவிட்டாள்.

வினை வெளியூரிலிருந்து வந்தது. செருப்பை மொத்தமாக வாங்குகிற கம்பெனியின் தரம் பார்க்கும் அம்மாள் நேரில் வந்துவிட்டார். கோபக்காரர் இல்லை, அதனால்தான் இன்னும் பயமாக இருந்தது. புது மாடலைக் காலில் மாட்டி நாலடி நடந்து, நின்று, கழற்றி உள்ளே விரலை விட்டுப் பார்த்தார்.

"இங்க ஏன் குழி விழுந்திருக்கு? போட்டுப் பாத்தவங்க எல்லாருமே பாதம் உள்ள இறங்குதுன்னு சொல்றாங்க."

மேனேஜர் மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் நிமிர்ந்துதான் நின்றார். "எங்க முப்பத்தேழு சொன்ன இடம் மேடம் அது. அந்தக் கால் இதுவரைக்கும் பொய் சொன்னதில்ல."

"அந்தக் காலைக் கொஞ்சம் பாக்கலாமா?" என்றார் அந்த அம்மாள்.

ஸ்டூலில் உட்கார வைத்து அவளுடைய வலது பாதத்தைத் திருப்பினார்கள். அத்தனை வருஷமும் அந்த அறையில் எல்லோரும் பார்த்தது அவள் காலுக்கு மேலே இருந்த செருப்பை. பாதத்தின் அடியை யாரும் பார்த்ததில்லை. பிளேடு பட்டுக் கன்றிப்போய், சுற்றிலும் தடித்து, நடுவில் அது உட்கார்ந்திருந்தது. பின்னால் யாரோ 'ச்சீ' என்றார்கள். மெதுவாகத்தான் சொன்னார்கள், ஆனாலும் காதில் விழுந்தது. மாஸ்டர் கையில் இருந்த செருப்பையும் அந்தப் பாதத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவர் தோண்டிய குழி அச்சாக அந்த மருவின் அளவுக்கு இருந்தது. ஆயிரக்கணக்கான பெண்களுக்கு, இவள் காலில் இருந்த ஒன்றுக்கு இடம் விட்டு, அவர் செருப்பு செய்து அனுப்பியிருக்கிறார்.

"ஏம்மா, கால்ல இப்படி ஒண்ணு இருக்குன்னு சொல்ல வேணாமா?" என்றார் மேனேஜர்.

"செருப்பாலதான் வந்துதுன்னு நெனச்சேன் சார்."

யாருக்கும் சிரிப்பு வரவில்லை. மாஸ்டர் கையிலிருந்த செருப்பைப் பெட்டிக்குள் வைத்து மூடினார். அவர் திட்டியிருந்தால் அவள் கொஞ்சம் ஆறியிருப்பாள். கால் குணமாகி டாக்டர் சரியென்று சொல்லும்வரை அவள் பேக்கிங்கில் இருக்கட்டும் என்று முடிவாயிற்று. பேக்கிங்கில் முப்பத்தேழாம் அளவில் ஒரு பெண் இருந்தாள், அவளை சாம்பிள் அறைக்கு அழைத்துக்கொண்டார்கள். குணமாகாவிட்டால் என்ன என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அந்த ஸ்டூலை விட்டு எழுந்து வருவதற்குள் அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்த அறைக் கதவு சாத்திக்கொண்டால் பிறகு அவள் என்றால் ஒரு வாளி, போனில் ஓர் 'உம்', வேறொன்றும் இல்லை.

தோல் டாக்டர் அம்மா பேச்சில் சிக்கனக்காரர். முதலில் அந்த இடத்தை மேலிருந்து கட்டைவிரலால் அழுத்தினார். அவள் பொறுத்துக்கொண்டாள். பிறகு இரண்டு பக்கமும் பிடித்துக் கிள்ளினார். அவள் நாற்காலியிலிருந்து எழும்பிவிட்டாள்.

"ஆணின்னு யாரு சொன்னது?"

"நானேதான் நெனச்சுக்கிட்டேன் டாக்டர்."

"ஆணின்னா மேல இருந்து அழுத்துனாத்தான் உயிர் போகும். மரு பக்கவாட்டுல கிள்ளுனா கத்த வைக்கும். இது மரு." மேல்தோலைக் கொஞ்சம் சுரண்டிக் கண்ணாடியில் காட்டினார். "கறுப்பா புள்ளி புள்ளியா தெரியுதா? அழுக்கு இல்ல, குட்டி ரத்தக்குழாய் உறைஞ்சு போயிருக்கு. பாதத்துல ரேகை ஓடுது பாருங்க, இந்த இடம் வந்ததும் விலகிச் சுத்திப் போகுது. ஆணியா இருந்தா ரேகை மேலயே ஓடும்."

அவள் அந்தப் புள்ளிகளைப் பார்த்தாள். கேட்க வேண்டியதை ஒருவழியாகக் கேட்டாள். "எந்த மாதிரி செருப்பால டாக்டர் இது வரும்?"

"செருப்புக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. இது வைரஸ். மரு இருக்கிற யாரோ ஈரத்தரையில நின்னிருப்பாங்க, அதே இடத்துல நீங்க வெறுங்காலோட நின்னிருப்பீங்க. கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும், உள்ள போயிடும். வீட்ல வேற யாருக்காவது இருக்கா?"

"வீட்ல வேற யாரும் இல்ல."

"பொதுக் குளியலறையா?"

"ஆமா டாக்டர்."

"வெறுங்காலோடதான் போவீங்களா?"

நாளெல்லாம் ஊரார் செருப்பைப் போட்டு நடக்கிறவளுக்குச் செருப்பில்லாமல் இருக்கிற நேரம் அது ஒன்றுதான் என்பதை எப்படிச் சொல்வது? தலையை மட்டும் ஆட்டினாள்.

டாக்டர் சர்க்கரை இருக்கிறதா, கால் மரத்துப் போகுமா என்று கேட்டார். இல்லை என்றாள். "இருந்தா இந்த மருந்த நீங்களா போட விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டு, செய்ய வேண்டியதைச் சொன்னார். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் பாதத்தை ஊற வைக்க வேண்டும். மெத்தென்று ஆன செத்த தோலை நகம் தேய்க்கும் அட்டையால் மெதுவாகத் தேய்க்க வேண்டும். சுற்றியிருக்கிற நல்ல தோலில் வேசலின் தடவிவிட்டு, சாலிசிலிக் ஆசிட் மருந்தை மருவின் மேல் மட்டும் வைத்து பிளாஸ்திரி ஒட்ட வேண்டும். அந்த அட்டையால் வேறு இடத்தைத் தேய்க்கக் கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும், பிளேடு பக்கம் போகவே கூடாது.

"நீங்க சீவுனதாலதான் பக்கத்துல குட்டி போட்டிருக்கு."

"எத்தனை நாள்ல போகும் டாக்டர்?"

"வாரக்கணக்காகும். மாசக்கணக்கானாலும் ஆச்சரியமில்ல. நல்லாயிடுச்சுன்னு பாதியில விட்டுட்டா திரும்ப வந்து உக்காந்துக்கும். இதுக்கு மசியலன்னா உறைய வெச்சு எடுக்கலாம், ஆனா அதுக்கும் நாலஞ்சு தடவ வரணும். அதுவரைக்கும் குளிக்கப் போகும்போது ரப்பர் செருப்பு போடுங்க, கால ஈரமா வெக்காதீங்க, துண்டு தனியா வெச்சுக்குங்க. புதுச் செருப்பே ஆனாலும் பிளாஸ்திரியும் சாக்ஸும் இல்லாம கால நுழைக்காதீங்க."

திரும்பி வரும்போது அவளுக்கு முதலில் தோன்றியது பாவம் செருப்புகள் என்றுதான். ஒரு தப்பும் செய்யாத செருப்பையெல்லாம் குடைந்து தள்ளியாயிற்று. அடுத்து வேறொன்று தோன்றியது. மாடிக்கு வந்ததும் வாளி வரிசைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். பச்சையா, நீலமா, விளிம்பு உடைந்ததா? இத்தனை வருஷத்தில் அந்த மாடியில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஏதாவது போய்ச் சேர்ந்தது என்றால் அது இந்த மரு ஒன்றுதான். கொடுத்தது யாரென்று தெரியாதது அவளுக்கு ஏனோ மனதைப் பிசைந்தது.

கொடுத்தவரும் ஆணி என்று நினைத்து எங்கேயோ பிளேடால் சீவிக்கொண்டிருப்பாரே என்று பட்டது. பச்சை வாளிக்காரி துண்டோடு தன் அறையிலிருந்து வெளியே வந்தபோது, வருஷக்கணக்கான மௌனத்தை அவள்தான் உடைத்தாள்.

"ஒரு விஷயங்க. இங்க ஈரத்துல நின்னா கால்ல மரு வருதாம். செருப்பு போட்டுக்கிட்டுப் போனா நல்லதுன்னு டாக்டர் சொன்னாங்க. உங்க பாதத்துலயும் எதுக்கும் ஒரு தடவ பாத்துக்குங்க."

பச்சை வாளிக்காரி ஓரடி பின்னால் போனாள். "உங்களுக்கு வந்திருக்கா?"

"ஆமா. டாக்டர் மருந்து குடுத்திருக்காங்க."

"எங்களுக்கெல்லாம் அப்படி ஒண்ணும் கெடையாதுங்க" என்று மூன்று அறைக்கும் சேர்த்து அவளே பதில் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். மறுநாள் முப்பத்தேழின் வாளி வரிசையிலிருந்து பிரிந்து நடையின் கடைசியில் தனியாக உட்கார்ந்திருந்தது. குளியலறையில் பிளீச்சிங் பவுடர் மூக்கைத் துளைத்தது. கொடுத்தவர் யாரோ, கெட்ட பெயர் வாங்கியவளுக்கு. உண்மையைச் சொன்னோமே என்று அவள் தன்னையே நொந்துகொண்டாள். அன்றைக்கு அவள் அழுதாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் மருந்தை விடவில்லை. ஊற வைத்தாள், தேய்த்தாள், வேசலின் தடவினாள், மருந்து வைத்தாள், பிளாஸ்திரி ஒட்டினாள். அப்படி ஒரு சிரத்தை. பாதத்தை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, "இன்னிக்கு எப்படி இருக்க?" என்று அதனிடமே கேட்டாள். ஒரு மனுஷி தன் மருவோடு பேசுகிற நிலைமைக்கு வந்தது பைத்தியக்காரத்தனம் என்று அவளுக்கே தெரியும். சிரித்துக்கொண்டாள். வெள்ளையாக ஊறி ஊறி, அடுக்கடுக்காக உரிந்தது. கடுகு முதலில் போயிற்று. பெரியது பிடிவாதக்காரி, போகிற மாதிரி போக்குக் காட்டிவிட்டுத் திரும்பத் திரும்ப வந்தது.

பேக்கிங்கில் அவள் வேலை செருப்பு ஜோடிக்கு நடுவில் மெல்லிய தாளை வைத்துப் பெட்டியை மூடுவது. அங்கே அவளை யாரும் ஒன்றும் கேட்கத் தேவையில்லை. மதியச் சாப்பாட்டில் பெஞ்சில் அவளுக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் தாராளமாகவே இடம் இருந்தது. சாம்பிள் அறைக்குப் போன பெண்ணைப் பற்றி மட்டும் சேதி வந்துகொண்டிருந்தது. அந்தப் பெண் நல்ல பெண், அதுதான் தொந்தரவு. எதைப் போட்டாலும் "நல்லா இருக்கு சார்" என்பாளாம். காலில் செங்கல்லைக் கட்டிவிட்டாலும் நல்லா இருக்கு சார் என்றுதான் சொல்வாள் என்று மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாராம். இதைக் கேட்ட அன்று முப்பத்தேழுக்குச் சோறு இரண்டு வாய் கூடுதலாக இறங்கியது.

ஒரு வழியாகப் பாதத்தில் ரேகை திரும்பி வந்தது. மரு இருந்த இடத்தின் மேலேயே, விலகாமல், குறுக்கே ஓடியது. டாக்டர் இரண்டு பக்கமும் கிள்ளிப் பார்த்தார். அவள் அசையவில்லை. "போயிடுச்சும்மா. ரப்பர் செருப்ப மட்டும் விட்டுடாதீங்க" என்றார். அவளுக்கு டாக்டரின் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. அடுத்த நோயாளி உள்ளே வந்துவிட்டதால் விட்டுவிட்டாள்.

மாஸ்டர் அவளைப் பார்த்ததும் பழைய சங்கடம் எதையும் காட்டிக்கொள்ளவில்லை. பாதத்தைத் திருப்பிப் பார்த்தார், அவ்வளவுதான். "மெஷின்ல ஒரு தடவ அளந்துடலாமா?" என்று டிசைனர் கேட்டதற்கு, "இத்தனை வருஷம் பாத்த கால். இதுல அளக்க என்ன இருக்கு?" என்று வாயை அடைத்துவிட்டார். பேக்கிங் பெண் நிம்மதியாகத் தன் பெட்டிகளிடம் திரும்பிப் போனாள். புது மாடல் ஒன்று தயாராக இருந்தது. முன்பக்கம் மூடிய, குதிகால் தாழ்ந்த செருப்பு. அவள் மெல்லிய சாக்ஸ் மாட்டிக்கொண்டு காலை நுழைத்து அறையின் மறுகோடிக்கு நடந்தாள்.

பாதத்தின் மேட்டில் ஒன்றும் இல்லை. வெண்ணெய் மாதிரி இருந்தது. ஆனால் சுண்டுவிரல் பக்கம் முட்டியது. நுனியிலும் கொஞ்சம். இரண்டு காலிலும்.

"சொல்லுங்கம்மா, எங்க?" என்று மாஸ்டர் முட்டி போட்டார். அதே நேரம் மேனேஜர் கூப்பிட்டு ஆள் அனுப்ப, "ஒரு நிமிஷம், வந்துடறேன்" என்று எழுந்து போனார்.

சொல்லத் தயாராக இருந்த வார்த்தை வாயிலேயே நின்றது. முன்பு என்றால் அவர் வரும்வரை அந்த வலியைப் பதமாகப் பிரித்து வைத்திருப்பாள். இப்போது வேறொரு கேள்வி முந்திக்கொண்டது. இது செருப்பின் வலியா, என் வலியா? மரு கற்றுக்கொடுத்துவிட்டுப் போன கேள்வி அது. அறையில் யாரும் இல்லை. மூலைக்குப் போய், தூசி படிந்த அந்த அளவு மெஷினில் சாக்ஸோடு ஏறி நின்றாள். குதிகாலைப் பின்னால் ஒட்டி வைத்து, முன்பலகையைத் தள்ளினாள். முப்பத்தேழில் நிற்கவில்லை. இன்னொரு கால். அதுவும் நிற்கவில்லை. முப்பத்தெட்டு.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. வயதானால் பாதம் சரியும், அகலும், கொஞ்சம் நீளும். நின்றே பிழைத்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். செருப்புத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த சங்கதி அது, அவளுக்கும்தான். தனக்கு அது நடக்கும் என்று மட்டும் தோன்றவே இல்லை. மருவுக்கு மருந்து இருந்தது. ஊற வைத்து, தேய்த்து, காத்திருந்து அதைத் துரத்திவிட முடிந்தது. இதற்கு எந்த டாக்டரிடம் போவது?

முட்டுகிறது என்று சொன்னால் மாஸ்டர் நம்புவார். நம்பி அகலப்படுத்துவார். மறுபடியும் ஊரில் இருக்கிற முப்பத்தேழுகள் எல்லோருக்கும் செருப்பு தொளதொளவென்று போகும், மறுபடியும் அந்தத் தரம் பார்க்கும் அம்மாள் வருவார். என் கால் பெருத்துவிட்டது என்று சொன்னால், அதோடு கதை முடிந்தது. பேக்கிங்கில் இருபுறமும் தாராளமான அந்த பெஞ்சு அவளுக்காகக் காத்திருக்கிறது. ஒரு தடவை உண்மையைச் சொல்லி வாளி தனியாகப் போனது போதாதா?

மாஸ்டர் திரும்பி வந்தபோது அவள் பழைய இடத்தில் நின்றிருந்தாள். அவர் சாக்பீஸை எடுத்து அண்ணாந்து பார்த்தார்.

"எங்கம்மா?"

அவள் நிதானமாக யோசித்தாள். தன் காலை ஒதுக்கிவிட்டு, ஒரு சரியான முப்பத்தேழாம் கால் இந்தச் செருப்புக்குள் இருந்தால் என்ன உணரும் என்று பார்த்தாள்.

"செருப்பு சரியா இருக்கு மாஸ்டர். குதிகால் பட்டிய மட்டும் ஒரு நூல் அளவு இறக்குங்க. வேற எங்கயும் ஒண்ணும் பண்ணல."

அவர் கோடு போட்டார். சாக்ஸுக்குள் சுண்டுவிரல் மடங்கிக் கிடந்தது. அந்த மாடலுக்கு எங்கிருந்தும் ஒரு புகார் வரவில்லை. அதற்கடுத்ததற்கும் வரவில்லை. அவள் சொல்கிற அளவு முன்னைவிடத் துல்லியம் என்று மாஸ்டர் மேனேஜரிடமே சொன்னார். தன் வலியை எடுத்துவிட்டு மிச்சத்தைச் சொல்ல அவள் பழகிவிட்டாள். தினமும் அவர் மண்டியிட்டுக் கேட்கிறார், தினமும் அவள் பதில் சொல்கிறாள், அந்தப் பதிலில் அவள் மட்டும் இல்லை.

சில வாரம் கழித்து, தொழிற்சாலை ஆட்கள் யாரும் போகாத ஒரு தெருவாகப் பார்த்து, சின்னச் செருப்புக்கடை ஒன்றுக்குள் நுழைந்தாள். தெருவில் நடக்கவாவது ஒன்று வேண்டியிருந்தது. முப்பத்தெட்டாம் அளவில் சாதாரணமாக ஒன்று கேட்டாள்.

"யாருக்குங்க?" என்றார் கடைக்காரர்.

"என் தங்கச்சிக்கு."

"அவங்க வரலையா? சரி, உங்க கால் அளவுதான்னா நீங்களே போட்டுப் பாருங்க."

போட்டாள். அந்தக் குறுகலான கடையில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடந்தாள், திரும்பி வந்தாள், சும்மா நின்றாள். விரல்கள் எல்லாம் நீட்டிப் படுத்திருந்தன. முட்டவில்லை, உரசவில்லை, குதிகால் வழுக்கவில்லை. சொல்ல வேண்டியதெல்லாம் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்தது. கடைக்காரர் வேறொருவருக்குப் பெட்டி எடுக்க ஏணியில் ஏறியிருந்தார். இறங்கி வந்து, அவள் இன்னும் அதே இடத்தில் நிற்பதைப் பார்த்தார்.

"கட்டிடட்டுங்களா? தங்கச்சிக்கு எங்கயாவது பிடிச்சா ரெண்டு நாள்ல கொண்டாங்க, மாத்தித் தர்றேன்."

"கட்டிடுங்க. மாத்தறதெல்லாம் வேண்டாங்க" என்று அவள் செருப்பைக் கழற்றி நீட்டினாள். "பிடிச்சாலும் அவ சொல்ல மாட்டா."